நீச்சல் குளத்தோரம் ஒரு குரல்

சில வருடங்களுக்கு முன்பு, பஹ்ரைனில் ஈசா டவுனில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் நான்கு வயது மகள், கட்டிடத்து நீச்சல் குளத்தில் தவறி விழுந்துவிட்டாள். நல்லவேளை, வாட்ச்மேன் குதித்துத் தூக்கிவிட்டார். டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். ஆனால் ஓயாமல் வாயடிக்கிற பெண், அன்றோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். வாளித் தண்ணீரைப் பார்த்தாலே நடுங்குவாள். நான் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து அழாத நாளில்லை.

எதிர் ஃபிளாட்டில் ஓர் அமெரிக்க டீச்சர், குடும்பத்தோடு இருந்தாள். முகத்தைப் பார்த்து சீனாக்காரி என்றே நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்து ஓடிவந்தவள், தான் ஹ்மாங் இனம் என்றாள். லாவோஸ் மலைக்காரர்களாம். சண்டைக்குத் தப்பி, சின்னப் பிள்ளையாக மீகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்து அகதி முகாமில் இருந்துவிட்டு அமெரிக்கா போனவளாம். குழந்தை பயந்தால் அதன் உயிர் அந்த இடத்திலேயே நின்றுவிடும், போய்க் கூப்பிட்டு அழைத்து வரவேண்டும் என்றாள். ஆற்றைக் கடந்தபின் முகாமில் அவள் அம்மாவும் அவளுக்கு அப்படித்தான் செய்தாராம்.

நாம் திருநீறு போடுவதில்லையா, அதுபோலத்தானே என்று எனக்குப் பட்டது. என் கணவர்தான், "நாலு பேர் பாத்தா சிரிக்க மாட்டாங்களா?" என்று முணுமுணுத்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

டீச்சர் கிண்ணத்து அரிசியில் ஒரு முட்டையை வைத்துக் குளத்தோரம் உட்கார்ந்தாள். என்னையே கூப்பிடச் சொன்னாள். "நான் கூப்பிட்டால் வராது. அம்மா குரல்தான் அதற்குத் தெரியும்."

முதலில் கூச்சமாக இருந்தது. "வாடி தங்கம், அம்மா இருக்கேன்ல, வீட்டுக்குப் போலாம் வா" என்று ஆரம்பித்தவள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அவளும் தன் மொழியில் தாழ்ந்த குரலில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மகளின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினாள்.

மறுநாள் காலை, "அம்மா, தோசை" என்றாள் என் மகள். நூலா, என் குரலா, பயம் தானாகத் தெளிந்ததா, எனக்குத் தெரியாது. தோசையைத் தட்டில் போட்டுவிட்டு எதிர் ஃபிளாட்டுக்கு ஓடினேன். நன்றி சொல்லிவிட்டு, நேற்று நீ யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

ஆற்றில் அம்மாவின் முதுகிலிருந்து நழுவிப்போன தம்பியை என்றாள். "பின்னால் சுட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மாவால் நின்று கூப்பிட முடியவில்லை." அதனால் எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் ஒரு தடவை கூப்பிட்டுவிடுவாளாம். அவளைக் கட்டிக்கொண்டு அழத்தான் என்னால் முடிந்தது.

இப்போதும் நான் கூப்பிட்ட குரலுக்கு, உள்ளறையிலிருந்து "என்னம்மா?" என்று என் மகள் அலுத்துக்கொண்டு பதில் சொல்லும்போதெல்லாம், இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று நினைத்துக்கொள்கிறேன்.