திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம்

இது கட்டுக்கதை இல்லை. விபத்து நடந்ததைக் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்தது ஆசாத்துக்கும் நாகஜோதிக்கும் மட்டும்தான் தெரியும். ஆசாத் இதைச் சொன்னது பட்டப்பகலில். அப்போதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினான்.

ஆசாத் கம்ப்யூட்டரில் எலெக்ட்ரானிக் இசை செய்பவன். தனியாக உட்கார்ந்தால் அவனுக்கு ஒன்றும் ஓடாது. கூட ஒருவர் வேண்டும். அவனுடைய முதல் கூட்டாளி காமயகவுண்டன்பட்டி பாண்டீஸ்வரன். பாண்டி வீட்டுத் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி இருவரும் ஸ்டுடியோ போட்டார்கள். மெட்டு பாண்டி கொடுப்பான். பீட் போட்டுப் பாட்டாக்குவது ஆசாத். 'ஆசாத் பாண்டி' என்ற பெயர் கேரளா வரை போனது.

பிறகு கொச்சியில் ஒரு பெரிய டிஜே ஆசாத்தை மட்டும் கூப்பிட்டார். ஆசாத் போய்விட்டான். பாண்டியிடம் முகம் பார்த்துச் சொல்லக்கூட இல்லை. பாண்டி தனியாக ஒரு எஸ்டேட் நிகழ்ச்சிக்குப் போனபோது, கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனான். ஆசாத் சாவுக்கும் வரவில்லை.

கொச்சிக் கூட்டு ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, கீபோர்டு வாசிக்கும் தேனி நாகஜோதியுடன் புதிதாகத் தொடங்கினான். வேலை செய்ய இடம் இல்லை. கேள்விப்பட்டு, பாண்டியின் அம்மா ராஜாத்தியே கூப்பிட்டு மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் சேந்து போட்டதுப்பா. பூட்டிக் கெடந்தா எனக்கு மனசு கேக்கல. வந்து வாசிங்க."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆசாத் தாங்கியிருப்பான். குனிந்தபடியே வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் மதியமே கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் வேலை ஓடியது. நாகஜோதி ஹெட்போன் மாட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆசாத் தண்ணீர் வாங்க ராஜாத்தி வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"மெட்டு சூப்பர்ண்ணே! நீங்க பாடப் பாட அப்படியே கீபோர்டுல புடிச்சிட்டேன்."

"நான் எங்க பாடுனேன்?"

"பின்னாடி மைக்குல பாடுனீகளே..."

"நான் இங்கன இல்லவே இல்லையே."

அவள் சிரிப்பு நின்றது. மைக்கில் பதிவானதை ஓடவிட்டார்கள்.

முதலில் காற்று. பிறகு...

"ம்... ம்ம்... ம்..."

மூச்சு முட்டியவன் முனகுவது போல ஒரு மெட்டு. அந்தக் குரலை ஆசாத் எத்தனையோ பாட்டில் மிக்ஸ் செய்திருக்கிறான். சந்தேகமே இல்லை. பாண்டி.

பின்னால் இன்னொரு சத்தம். டக்... டக்... டக்... மெல்ல மெல்லக் குறைந்தது. நின்றது.

முனகல் மட்டும் நிற்கவில்லை.

"அண்ணே... மைக்கப் பாருங்க."

நின்று பாடும் உயரத்தில் வைத்த மைக். இப்போது ஸ்டாண்டோடு குனிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. படுத்துக் கிடப்பவன் வாய்க்கு நேராக.

ஆசாத் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினான்.

திரையில், மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு...

ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஓடினார்கள்.

மறுநாள் ஆசாத் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனான். அன்று ஜீப் ஓட்டிய ராக்கையா அங்கே இருந்தார். பதிவைப் பற்றி மூச்சு விடாமல், பாண்டி எப்படிச் செத்தான் என்று மட்டும் கேட்டான். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் கேட்கிறான்.

"ஒடனே சாகல தம்பி. ஜீப்புக்கு அடியில மாட்டிக் கெடந்தான். மேல சக்கரம் டக்கு டக்குன்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்குக் காலு ஒடிஞ்சுபோச்சு, நகர முடியல. அவன் பாட்டுக்கு ஒரு மெட்ட மொனங்கிக்கிட்டே கெடந்தான்."

ராக்கையா அதை முனகிக் காட்டினார். அதே மெட்டு.

ஆசாத் ஜீப்பைப் பிடித்துக்கொண்டான்.

"யாருக்குப் பாடுனான்ண்ணே?"

"ஒனக்குத்தான். 'புது மெட்டு வந்துருக்கு, ஆசாத்துட்ட குடுத்துர்றேன்'னு ஒன் நம்பருக்கே திரும்பத் திரும்பப் போட்டான். லைன் போகவே இல்ல. போகாத போனுலதான் பாடுனான்."

லைன் போயிருக்காது. கொச்சிக்குக் கிளம்பிய அன்றே ஆசாத் பாண்டியின் நம்பரை பிளாக் செய்திருந்தான்.

இன்னும் அந்த பிளாக்கை எடுத்துவிடவில்லை. எடுத்தால் மணி அடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம்.