அண்ணா ஏன் தனியாகக் காட்டுக்குப் போனார்

இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அண்ணாவின் நல்ல குணங்களை எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. நான் அவருடைய சாவைப் பற்றி எழுதுகிறேன். ஏனென்றால் செத்த வீட்டிலேயே பொய்க்கதை தொடங்கிவிட்டது. "தன்ரை துவக்காலையே சுட்டுப்போட்டாராம்" என்று மண்டபத்து வாசலில் ஒருவர் சொல்ல நான் கேட்டேன். "பிள்ளையளில ஒண்டு சுட்டதாம், மறைக்கினமாம்" என்று இன்னொருவர் தொலைபேசியில் கனடாவுக்குச் சொல்லியிருக்கிறார். சொன்னவர்களுக்கும் இந்த மலர் கையில் கிடைக்கும். வாசியுங்கள்.

அண்ணா கிளிநொச்சியில் பிறந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவர். அப்பா நேரகாலத்தோடு இறந்துவிட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லொறியில் உதவியாளாகப் போனார். அம்மாவையும் என்னையும் அவர்தான் பார்த்தார். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது சண்டைக்கு அனுப்ப வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க வந்தார்கள். அண்ணா விறகுக் குவியலுக்குக் கீழே கிடங்கு வெட்டி என்னை அதற்குள் இருத்தினார். வந்தவர்கள் கேட்டபோது, நான் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அடித்தார்கள். அதே பதிலைத்தான் சொன்னார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்பது பிறகு விளங்கும்.

யுத்தம் முடிந்த கையோடு அண்ணா கடல் வழியாக அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தார். தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டதும் நாட்டுப்புற நகரம் ஒன்றில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே கத்தி தீட்டும் மேசையில் பக்கத்தில் நின்றவர் கிரேக். அவர்தான் அண்ணாவை முதன்முதலில் மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். இந்த நாட்டில் மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மிருகம். பெருகி, பயிரையும் காட்டையும் அழிக்கிறது. அனுமதி எடுத்தவர்கள் சட்டப்படி சுடலாம். அண்ணா சோதனை எழுதி, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, அனுமதி எடுத்தார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான், இஞ்ச வந்து சோதனை எழுதித் துவக்கு எடுத்திருக்கிறன்" என்று சொல்லித் தானே சிரிப்பார்.

பிறகு தன் மனைவியை, என் மச்சாளை, ஊரிலிருந்து கூப்பிட்டு, சிட்னிக்கு மாறி, குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு எடுத்தார். களஞ்சியம் ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டினார். மகள் ஆரணி இங்கேதான் பிறந்தாள். நானும் கலியாணமாகி நார்த்மீட்டுக்கு வந்தேன். ஆரணிக்குப் பன்னிரண்டு வயதானதும் அவளுக்கு வேட்டை பழக்கத் தொடங்கினார். ஒரு வருடத்தால் என் மகன் கவினும் சேர்ந்துகொண்டான்.

பழக்கத் தொடங்கினார் என்றால் துவக்கைக் கையில் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். முதல் வருடம் முழுக்கத் துவக்கே இல்லை. காட்டில் நடை, தூரக்கண்ணாடி, காற்றுப் பார்ப்பது, தடம் பார்ப்பது, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்வளவில் துவக்குக்குப் பதிலாகத் தும்புத்தடியை வைத்துப் பயிற்சி. வேலியைத் தாண்டும்போது எப்படிக் கைமாற்றுவது, பக்கத்தில் ஆள் நிற்கும்போது எந்தப் பக்கம் பிடிப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தேத்தண்ணியோடு படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கவின் தும்புத்தடியை வீசிக்கொண்டு திரும்பினான்.

"நில்லு. இப்ப என்ன செய்தனி?" என்றார் அண்ணா.

"ஒண்டும் இல்லை மாமா. இது தும்புத்தடி."

"அம்மான்ரை காலைச் சுட்டுப்போட்டாய். போய் மன்னிப்புக் கேள்."

அவன் சிரித்துக்கொண்டு வந்து "சொறி அம்மா" என்றான். அண்ணா சிரிக்கவில்லை. "தும்புத்தடியைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு நான் ஏன் துவக்குத் தரவேணும்? முதலில இருந்து தொடங்கு" என்றார். குசினி ஜன்னலால் மச்சாள் எட்டிப் பார்த்து, "வீடு கூட்டச் சொன்னா மட்டும் ஒருத்தரும் உந்தத் தடியைத் தொடாயினம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

துவக்கைக் கையில் கொடுத்த பிறகும் சுட விடமாட்டார். மான் கண்ணில் பட்டதும் பிள்ளையின் காதுக்குள் மெதுவாகக் கேட்பார்: அது என்ன? அதற்குப் பின்னால் என்ன? எங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்? மூன்றுக்கும் பிள்ளை பதில் சொல்லவேண்டும். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் துவக்கை இறக்கவேண்டும். ஒரு பெரிய கலைமான் நல்ல தூரத்தில் அசையாமல் நின்றபோது, பின்னால் என்ன என்று கவினுக்குத் தெரியவில்லை. "தெரியேல்ல மாமா" என்று இறக்கிவிட்டான். மான் போய்விட்டது. வரும் வழியில் அண்ணா பேக்கரியில் நிறுத்தி அவனுக்கு இறைச்சி வைத்து வெதுப்பிய இரண்டு மீட் பை வாங்கிக் கொடுத்தாராம். "சுட்டவனுக்கு ஒண்டு. சுடாதவனுக்கு ரெண்டு" என்றாராம். எந்த நேரத்திலும் பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. செத்த மிருகத்துக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது. சுட்டதை முழுக்கச் சுமந்து வரவேண்டும், வீணாக்கக்கூடாது. அந்த இறைச்சி உங்களில் பல பேருடைய வீட்டுக் குளிர்பெட்டிக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். காட்டுக்குத் தனியாகப் போகக்கூடாது. போகும்போது மஞ்சள் நிற பீக்கன் ஒன்று, பிள்ளையின் கழுத்தில்தான் தொங்கவேண்டும். கைபேசி எடுபடாத இடத்திலும் அதன் அன்ரெனாவை நிமிர்த்திப் பொத்தானை அமத்தினால் செய்மதி வழியாக மீட்புக் குழுவுக்குச் செய்தி போகும், இடமும் தெரியும். ஏன் பிள்ளையின் கழுத்தில் என்று கேட்டபோது, "பிள்ளையளுக்கு ஏதும் நடந்தா நான் பாப்பன். எனக்கு ஏதும் நடந்தா ஆர் பாக்கிறது? அதைத்தான் முதல் பழக்கவேணும்" என்றார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

போன வருடம் ஆரணியின் பிறந்தநாள். குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் நிறையப் பேர். மான் கறி வைத்திருந்தார்கள். கவின் கைபேசியில் ஒரு படத்தை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான். ஆரணி எடுத்த படம். செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, துவக்கோடு நிற்கிறான். கதிரையில் இருந்த ஒரு அங்கிள் எட்டிப் பார்த்தார். கையில் கறிக் கோப்பை.

"என்ன தம்பி, மாமா படை திரட்டுறாரோ?"

சிலர் சிரித்தார்கள். நான் கைபேசியைப் பறித்துப் பார்த்தேன். அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தது என் கணவர். எனக்கும் தெரியும். தெரிந்தும், படத்தில் நான் துவக்கை மட்டும்தான் கண்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் துவக்கு. எனக்குத் தலைக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணா அகப்பையோடு கறிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அங்க பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போய்த் துவக்குக் குடுத்தாங்கள்" என்றேன். "நீ இஞ்ச கூப்பிட்டு வைச்சுக் குடுக்கிறாய். அவங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

அதுவரை நான் அண்ணாவை "நீ" என்று சொன்னதே இல்லை.

அண்ணா அகப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம் தங்கச்சி" என்றார். விறகுக்குக் கீழே என்னை ஒளித்து வைத்த ஆளைப் பார்த்து நான் இதைச் சொன்னேன். அவர் அதை நினைப்பூட்டக்கூட இல்லை. நினைப்பூட்டியிருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

கவினை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவனுடைய அங்கி, தொப்பி, சப்பாத்து எல்லாவற்றையும் அவன் வேட்டைப் பையோடு சேர்த்து கராஜில் எறிந்தேன். பீக்கனும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. அது அண்ணாவுடையது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அண்ணா கவினை மட்டுமல்ல, ஆரணியையும் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டார். ஏன் அப்பா என்று அவள் கேட்டிருக்கிறாள். "மாமி அந்த நேரம் எவ்வளவு பயந்தவ எண்டு எனக்குத்தான் தெரியும். அவ சொன்னதில பிழை இல்லை. கொஞ்சக் காலம் போகட்டும்" என்றாராம். ஆரணி இதை எனக்குச் சொன்னது சுடலையிலிருந்து திரும்பி வரும்போது.

ஒருமுறை எனக்கு அழைப்பு எடுத்தார். "தங்கச்சி, கவின்ரை பையில..." என்று தொடங்கினார். நான் வைத்துவிட்டேன். "பையைக் கொண்டுபோய்க் குடுப்பமோ?" என்று என் கணவர் கேட்டார். "கிடக்கட்டும். வேணுமெண்டா வந்து எடுக்கட்டும்" என்றேன். அவர் வரவேண்டும், வந்து என்னிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்லவேண்டும் என்று நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பொங்கலுக்கும் நான் போகவில்லை.

கிரேக்குக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. கூடப் போகப் பிள்ளைகளும் இல்லை. அண்ணா தனியாகப் போனார். காலையில் போனவர் பொழுது பட்டும் வரவில்லை. மச்சாள் கிரேக்குக்குத் தொலைபேசி அடித்தார், கிரேக் பொலிசுக்கு அடித்தார். அடுத்த நாள் மத்தியானம் தேடிப் போனவர்கள் கண்டார்கள். ஒரு மரத்தில் சாய்ந்தபடி இருந்தாராம். மாரடைப்பு. உடலில் ஒரு காயமும் இல்லை.

துவக்கைப் பற்றிக் கதை கட்டியவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள். ரவைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தான் பூட்டியிருந்தார். துவக்கு வெடிக்கவே முடியாதபடி அதன் போல்ட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். குழல் ஆள் வரக்கூடிய பாதையைப் பார்க்காமல் மறுபக்கம் இருந்தது. நெஞ்சு நோகிற நேரத்தில் இவ்வளவையும் செய்திருக்கிறார், தன்னைத் தேடி வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று. எங்களுக்குச் சொன்ன பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அண்ணா உடனே சாகவில்லை, கொஞ்ச நேரமாவது இருந்திருப்பார் என்றார் வைத்தியர். நேரத்துக்கு உதவி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தயவுசெய்து அந்தப் பதிலை யாரும் எனக்கு ஆறுதலாகத் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

பையைக் கராஜிலிருந்து நான்தான் எடுத்துவந்து கவினிடம் கொடுத்தேன். அவன் பீக்கனை எடுத்துச் சோதனைப் பொத்தானை அமத்தினான். விளக்கு மின்னியது. "வேலை செய்யுது" என்றான். பிறகு கட்டிலில் இருந்து, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "மாமா விழுந்தா முதல் துவக்கைப் பாக்கோணும். பிறகு பீக்கன். பிறகு அவருக்குப் பக்கத்திலயே இருக்கோணும். எனக்கு நல்லாத் தெரியும் அம்மா. மாமா வைச்ச டெஸ்ட்ல நான் ஒருக்காலும் பிழை விடேல்ல."

அதற்குப் பிறகு அவன் என்னோடு சாப்பாடு, பள்ளிக்கூடம் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை. அது அவனுடைய உரிமை.

இதை எழுதலாமா என்று மச்சாளிடம் கேட்டேன். "எழுதுறதெண்டா முழுக்க எழுது. அரைவாசி எழுதினா அதுவும் பொய்தான்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஆகவே அன்று அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் சொல்கிறேன். நான் சொன்னது பொய். அங்கே பிடிக்க வந்தவர்கள் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்தார்கள். அண்ணா தாய் தகப்பனின் கையெழுத்தோடு, "வேண்டாம்" என்று சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை கொடுத்துப் பழக்கினார். வித்தியாசம் இவ்வளவு பெரியது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். அண்ணா தனியாகக் காட்டுக்குப் போனது என்னால். பீக்கன் இல்லாமல் போனதும் என்னால். பிள்ளைகள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. அவர்களைப் பற்றி இனி ஒரு சொல் என் காதில் விழுந்தால், வீட்டுக்கே வந்து கேட்பேன்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரவு முழுக்கக் காட்டில் தேடிய பொலிசாருக்கும் தொண்டர்களுக்கும், ஊன்றுகோலோடு வந்து, போகவேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் தேடப் போன கிரேக்குக்கும், அண்ணாவின் வேலைத்தலத்து நண்பர்களுக்கும், எட்டாம் நாள் கிரியை வரை சமைத்துக் கொண்டுவந்த குவேக்கர்ஸ் ஹில் அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கதை கட்டாமல் வந்து பேசாமல் இருந்துவிட்டுப் போனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

கிரேக், தன்னுடைய முழங்கால் சுகமானதும் ஆரணியையும் கவினையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை பத்திரத்தில் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கிறவர்கள் கவினைக் கண்டால், உன் மாமா என்ன சொல்லிக்கொடுத்தார் என்று அவனிடம் கேளுங்கள். உங்களுக்குச் சொல்லுவான். எனக்குச் சொல்லமாட்டான். நான் பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நின்று கேட்கிறேன்.