ரத்தம் கொடுத்த கையோடு

காளவாசல் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் என் நாற்காலியிலும் பாதியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார் பக்கத்து நாற்காலிக்காரர். வயிற்றுக்கு நேராக இருந்த சட்டைப் பொத்தான் தெறிக்கத் தயாராக இருந்தது. ரத்தம் கொடுத்த கையோடு, நெய் வடியும் பொங்கல் பொட்டலத்தைப் பிரித்தார்.

“டெஸ்டுக்கு முன்னால ரெண்டு நாளு கஞ்சித்தண்ணிதாண்ணே. சுகர் எறங்கிரும். போன தடவ டாக்டரு புதுசா ஒரு டெஸ்டு எழுதிட்டாரு. தொப்பைக் கொழுப்பு உடம்பு முழுக்க உள்வீக்கத்தக் கெளப்புதாம், இதயத்துக்கு ஆகாதாம். அந்த வீக்கத்தப் பாக்குற டெஸ்டுதான் என்னையக் காட்டிக் குடுத்துருச்சு.”

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“இந்தவாட்டி ஒரு வாரம் கஞ்சித்தண்ணி!” என்றவர் என்னிடம் ஒரு வடையை நீட்டினார்.

“நான் இன்னும் ரத்தம் குடுக்கலண்ணே.”

“குடுத்துட்டு வாங்க, வச்சிருக்கேன்.”

நான் திரும்பி வந்தபோது பொங்கல் காலி. வடை மட்டும் இலையில் அப்படியே இருந்தது. இம்மாதிரிக் கட்டுப்பாடுள்ள மனிதருக்கா அந்தத் தொப்பை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.