மலை மண்ணைக் கடலடியில் தேடியவர்

கினிகத்தேனையில் வேனை ஓரங்கட்டிவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. "மிஸ் போயிட்டாங்க அண்ணே" என்றது ஒரு பிள்ளையின் குரல். "எங்க போகணுமாம்? நான் வேனைக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். எனக்கு மூளை எப்போதும் இரண்டு வளைவு பின்னால்தான் வரும். அந்தப் பிள்ளை அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

மரகதம் மிஸ்ஸை உங்களில் பலர் விரிவுரை மண்டபத்தில் அறிந்திருப்பீர்கள். நான் ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தைக் கோட்டை விட்டவன். எனக்கு அவரைத் தெரிந்தது வேனின் முன் இருக்கையில். பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர், கடலைப் படிக்கப் போனவர். முதல் நாள் வாடகை பேச வந்தபோதே, "மிஸ், கடலைப் படிக்கிறவங்களுக்கு எங்க அக்கரப்பத்தனை மலையில என்ன வேலை?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா உங்க தோட்டத்து ஆறு என்ன நெறம் அண்ணே?"

"தேத்தண்ணி நெறம்."

"அந்தச் சாயம், மண்ணு, மக்கின எல எல்லாத்துலயும் காபன் இருக்கு. கொஞ்சம் அணைக்கட்டுல தங்கும். மிச்சம் மகாவலி ஆத்தோட திருகோணமலைக் கடலுக்குப் போகுது. அங்க பூச்சி புழு தின்னு திரும்பக் காத்துல விட்டுடுதா, இல்ல அடிச் சேத்துல புதையுதா? அதுதான் எனக்குத் தெரியணும்."

அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கிறுக்கு தொற்றியது. ஏ.எல். வகுப்பில் படிக்கும் என் மகளிடம் இரவில் பாடம் கேட்டுக்கொண்டு, பகலில் மிஸ்ஸிடம் பெரிய ஆள் மாதிரி தலையாட்டினேன். மலையிலிருந்து போகும் காபனுக்கும் கடல் பாசியில் விளையும் காபனுக்கும் ஜாடை வேறாம். இங்கே பெருமழையின் முதல் வெள்ளத்தில் போகும் மண்ணின் ஜாடை தெரிந்தால்தான் அங்கே சேற்றில் அதை அடையாளம் காண முடியும்.

அந்த முதல் வெள்ளத்துக்காக எங்கள் லயத்திலேயே வந்து தங்கினார். அதற்குள் நோய் வந்து உடம்பு பாதியாகியிருந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாமே மிஸ்" என்றேன். "எனக்கு அடுத்த வருசம்னு ஒண்ணு இருக்கான்னு டாக்டர்மாரே யோசிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார், ஏதோ பஸ் வருமா வராதா என்கிற மாதிரி.

மழை வந்தது. போத்தல்களில் செங்கலங்கலாக ஆற்றுநீரை எடுத்து வீட்டு வாங்குப் பலகையில் அடுக்கிவிட்டு, ஐஸ் பெட்டியை எடுக்க இருவரும் மேல் ரோட்டில் நின்ற வேனுக்கு நடந்தோம்; போய்வர நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, போத்தல் சுடுகிறது. மழைக்குக் குழாய்த்தண்ணீர் கலங்கினால் எங்கள் வீடுகளில் பழைய சேலைத் துண்டில் வடித்துக் கொதிக்க வைப்பதுதானே வழக்கம்?

"பாவம் மிஸ், இந்தச் சகதியையா குடிச்சுக்கிட்டு வந்தீங்க? வடிச்சுக் காய்ச்சி ஊத்திட்டேன். இஞ்சியும் தட்டிப் போட்டிருக்கேன்" என்றாள் என் மனைவி செல்வி.

மிஸ் போத்தலை மோந்து பார்த்தார். "வாசம் நல்லாருக்கு செல்வி. ஆனா கடல்ல மீனுக்குச் சளி பிடிக்காதே." பிறகு குரல் மாறியது. "அண்ணே, மழை விடுது. ஓடுங்க."

ஓடினேன். ஆற்றங்கரையில் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன், போத்தலை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. குடையோடு பின்னால் மூச்சு வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "போத்தல் உடையலையே?"

"இடுப்பு உடைஞ்சிருச்சு மிஸ்."

"அது காபன் கணக்குல வராது. மொள்ளுங்க."

வெள்ளம் வடிவதற்குள் எல்லாப் போத்தலும் நிரம்பின. செல்வி இஞ்சித் தண்ணீரை ஆளுக்கு ஒரு கோப்பை கொடுத்தாள். மிஸ் சொட்டு விடாமல் குடித்தார்.

அதே கிழமை கொட்டியாரக் குடாவில் படகேறினோம். ஆற்றின் பழுப்பு கடலின் நீலத்துக்குள் நாக்கு மாதிரி நீண்டு கிடந்தது. எங்கள் தோட்டத்துத் தண்ணீர் என்று படகுக்காரரிடம் பெருமை பேச வாயைத் திறந்தேன். காலையில் தின்ற பாண்தான் வெளியே வந்தது. மிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடலுக்கு மக்குற சேதனப் பொருள் குடுக்கிறதுன்னா அந்தப் பக்கமா குடுங்க அண்ணே. இந்தப் பக்கம் நான் மாதிரி எடுக்கிறேன்." அடியிலிருந்து வந்த கறுத்த சேற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். கைக்குழந்தையை வாங்குகிறவர் முகம் அது.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். குரல் தேய்ந்திருந்தது, அவசரம் மட்டும் தேயவில்லை. "முடிவு வந்துருச்சு அண்ணே. நம்ம மண்ணு அங்க இருக்கு. எல்லாம் காத்துல போயிடல. மலையில நமக்குக் காணி கெடைக்குதோ இல்லையோ, கடலுக்கடியில ஒரு துண்டு சேந்துக்கிட்டிருக்கு." சிரித்தார், இருமினார். "எத்தனை காலத்துக்குத் தங்கும்னுதான் இன்னும் தெரியல."

அந்தத் தெரியாததைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வுகூடத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், விடை வந்ததா என்ற என் தொல்லை தாங்காமல் இருக்கிறார்கள். போன கிழமை இந்த வருடத்துப் பெருமழை தொடங்கியது. நானும் செல்வியும் ஆற்றில் இறங்கிப் போத்தல்களை நிரப்பினோம். ஐஸ் பெட்டி முன் இருக்கையில் இருக்கிறது. விடிந்ததும் ஆய்வுகூடத்துக்குப் புறப்படுகிறேன்.