நாற்பது நாள் தீனி

கஸ்பாரை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அவன் பேசமாட்டான். நான் வாயாடி. எதிரில் இருக்கிறவனும் வாயைத் திறந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். இருபத்தெட்டு வருஷம் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போனவன் நான். முதுகில் தட்டு விலகி, இனிமேல் கடலை மறந்துவிடு என்று டாக்டர் சொன்னபிறகுதான் எண்ணூர் ஆற்றங்கரையில் தூண்டிலோடு வந்து உட்கார்ந்தேன். எங்கள் குப்பத்தில் இது கேவலம். "வல இழுத்த கை, தோ, குச்சி புடிச்சிகினு குந்திகினு கீது பாரு" என்று என் சொந்த மச்சானே நக்கலடித்தான். அதனால் தெரிந்த முகம் எதுவும் வராத இடமாகப் பார்த்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே கருங்கல்மேல் ஒருத்தன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவன்தான் கஸ்பார்.

ராயபுரத்தில் பிறந்தவன். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியிருக்கிறான். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாகவே உட்கார்ந்து பேச்சை மறந்துவிட்டான் என்று அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் சொல்வாள். ரிட்டயர் ஆனபிறகு திருவொற்றியூரில் இரண்டு ரூம் வீடு. ஒரே மகள் ஜூடி. கூரியர் ஆபீசில் மதியத்துக்கு மேல்தான் வேலை. கஸ்பாருடைய வாழ்க்கை மொத்தமும் இவ்வளவுதான். கூடவே தூண்டில்.

அவன் புழு கோர்க்கமாட்டான், இறால் கோர்க்கமாட்டான். கொளத்தூரில் கலர்மீன் விற்கிற கடைகளுக்குப் போய் மீன் தீனி வாங்கி வருவான். மிளகு பருமனில் பழுப்பு உருண்டைகள். முதல் தடவை மிதக்கிற தீனியை வாங்கிவந்துவிட்டான். ஒரு கை அள்ளி வீசியதும் காற்று அத்தனையையும் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மறுவாரம் மூழ்குகிற தீனியோடு வந்தான். அது கல்லு மாதிரி இருக்கும், முள்ளில் குத்தினால் இரண்டாக உடைந்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தான். சைக்கிள் வால்வு டியூபைப் பொடிப்பொடி வளையமாக நறுக்கி, வளையத்துக்குள் தீனியைச் செருகி, வளையத்தில் முள்ளை மாட்டினான். தீனி உடையாது, கால் மணிநேரம் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். தக்கையை ஏற்றி இறக்கி, தீனி தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறபடி வைப்பான். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும்போது ஒரு அளவு, வடியும்போது ஒரு அளவு.

"தக்க நடுங்கச் சொல்ல இழுக்காத மாமு. மடவ மீனு மொதல்ல உறிஞ்சிப் பாக்கும். தக்க பக்கவாட்டுல நவுரும் பாரு, அப்ப இழு."

முதல் வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதையும் நான் கேட்கவில்லை. கடலில் கயிறு துடித்த மறுகணமே இழுத்துப் பழகியவன் நான். தக்கை லேசாக ஆடினாலே வெடுக்கென்று இழுத்துவிடுவேன். வெறும் முள் மேலே வரும்.

பிடித்த மீனை யாரும் தின்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். திருப்பி ஆற்றில் விடுவோம், இல்லாவிட்டால் பூனைக்கு. எண்ணெயில் போட்டால் வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை வரும். இந்த ஆற்றில் எத்தனை குழாய் வந்து திறக்கிறது, எது எதைக் கக்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், அதனால் எண்ணுவதில்லை.

போன வருஷம் ஜனவரியில் கஸ்பார் கரைக்கு வருவது நின்றுபோனது. ஃப்ளோரன்ஸுக்குத் தொண்டையில் புற்றுநோய். கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், ஊசி போட்டார்கள், கடைசியில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். ஐயோ, அந்தக் காட்சி! அவள் கட்டிலில் எலும்பாகக் கிடக்கிறாள். அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தாடி வளர்ந்து கிடந்தது. ராத்திரி பகலாக இப்படித்தான் என்றாள் ஜூடி.

ஃப்ளோரன்ஸ் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் எண்ணூரில் ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவள்.

"அண்ணே, எனக்கு எங்க ஆத்து மடவ துன்னணும்னு ஆசயா கீது. எங்கம்மா மாங்கா போட்டு வெப்பாங்க. இவர கொஞ்சம் கரைக்கு இட்டுனு போயேன்."

"ஆத்து மீனு நாறும்மா. காசிமேட்டுல நல்ல சங்கரா கீது, நாளைக்கே வாங்கியாறேன்."

"சங்கரா வோணாம். ஆத்து மடவதான் வோணும். நாறாத மடவ."

கஸ்பார் தலையைத் தூக்கினான். அத்தனை நாளில் அவன் அவள் முகத்தைத் தவிர வேறு எதையோ யோசித்தது அப்போதுதான்.

அடுத்த புதன்கிழமை காலையில் பத்துக் கிலோ தீனி மூட்டையோடு கரைக்கு வந்து நின்றான். நெற்றியில் சாம்பல். அவர்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற நாள்.

"கோழிக்குக் கருவாட்டுத் தூளு போட்டா முட்டையில அந்த நாத்தம் வர்து இல்ல? அப்ப நல்ல தீனி போட்டா நல்ல வாசம்தானே வரணும்? நாப்பது நாளு, மாமு. ஒரே எடம், ஒரே நேரம். இங்கியே துன்னு இங்கியே கெடக்கட்டும். ஈஸ்டருக்கு மீனு சுத்தமாயிடும்."

"யோவ், உனக்கு மூளை கீதா? துன்றது உன் தீனி, குடிக்கிறது இந்தக் கலீஜ் தண்ணி. எப்பிடிய்யா சுத்தமாவும்?"

ஈஸ்டர் வரைக்கும் முள் போடுவதில்லை என்று வேறு நேர்ந்துகொண்டிருந்தான். காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராதாம். "மீனுக்குத் தெரியுமா உங்க ஞாயித்துக்கெழம?" என்றேன். அவன் மூட்டையின் வாயைப் பிரித்தான்.

காலை ஆறு மணிக்கு வருவான். ஒரு கை தீனியை நாலு தவணையாகக் கல்லருகே போடுவான். பிறகு முள் இல்லாத தூண்டிலை இறக்குவான். வெறும் வளையம், அதில் ஒரு தீனி. எந்த மீன் வந்திருக்கிறது என்று தக்கையைப் பார்த்தே சொல்லிவிடுவான். முதல் வாரம் ஜிலேபிக் கெண்டை. அது கொத்தினால் தக்கை டக்டக்கென்று முங்கும். அடுத்து கெளுத்தி. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தக்கை கொஞ்ச நேரம் நடுங்கியது, பிறகு சத்தமில்லாமல் ஒருபக்கமாக நகர்ந்தது. "மடவ" என்றான். அவன் குரல் உடைந்துபோயிருந்தது.

மீன் கூடுவதைப் பார்த்து வீச்சு வலையோடு இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "கஸ்மாலங்களா, ஊரான் போட்ட தீனிக்கு வலையா வீசறீங்க?" என்று எழுந்து பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் முதுகு பிடித்துக்கொண்டு அங்கேயே குப்புற விழுந்தேன். கஸ்பார் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்கள் எதிரே நின்றான். திட்டவில்லை. "என் சம்சாரத்துக்குப்பா" என்று மட்டும் சொன்னான். அவர்கள் போய்விட்டார்கள். நான் இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன்.

தினமும் ஃப்ளோரன்ஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன்.

"இப்பல்லாம் காலைல வலி வராம அவ நல்லா தூங்குறானு ஜூடி சொல்லுது. நா வூட்டுக்குப் போறப்ப எழுந்து குந்தி, தலைய வாரிகினு, சிரிச்சிகினு கீறா. மீனு இன்னா பண்ணுச்சினு ஒண்ணு வுடாம கேக்குறா மாமு."

தாடியை எடுத்திருந்தான். டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கித் தின்றான். அவனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. கேடுகெட்ட மனசு! கடலில் இருபத்தெட்டு வருஷம் கிடந்த நான், தீனி போட்டால் மீன் கழுவிவிட்டது போல ஆகிவிடும் என்று நம்பினேன்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே கரைக்கு வந்தான். வளையத்தில் முள்ளை மாட்டி இறக்கினான். அரை மணிநேரத்தில் முழங்கை நீளத்தில் இரண்டு மடவை. கஸ்பார் சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவனே மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தான். ஜூடி தாங்கிப் பிடிக்க, ஃப்ளோரன்ஸ் எழுந்து உட்கார்ந்தாள். கஸ்பார் முள்ளெடுத்து, சோற்றைக் குழைய மசித்து ஊட்டினான். மூன்று உருண்டை. மூன்றையும் மெதுவாக முழுங்கினாள்.

"எங்கம்மா வெச்ச மாரியே கீதுய்யா. அடுத்த ஞாயித்துக்கெழமயும் புடிச்சாறியா?"

அவன் பின்கட்டுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதான். ஜூடி எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஒரு துண்டு வாயில் போட்டேன். மண்ணெண்ணெய். அதே மண்ணெண்ணெய், ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. முழுங்க முடியாமல் ஜூடியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மீனை அவள் எப்படி மெச்சினாள் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் கஸ்பார் கரையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, காலை ஏழு மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே சத்தம் கேட்டது. ஃப்ளோரன்ஸ் துண்டைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். ஜூடி பேசின் பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் ரத்தமும் கோழையும். தூங்குகிறாளாம்!

அடங்கி முடிக்க முக்கால் மணிநேரம் ஆனது. பிறகு ஃப்ளோரன்ஸே சொன்னாள்.

"எனக்கு ருசியே தெரில அண்ணே. கரண்டு வெச்சதுலயே நாக்கு செத்துப் போச்சு. அது மீனா மண்ணானுகூடத் தெரில."

"அப்பறம் இன்னாத்துக்கும்மா அந்த மனுசன வாட்டி எடுத்த?"

"காலைலதான் இப்பிடி வர்து. அவரு பாத்துகினே குந்திகினு இருந்தாரு. சோறு தண்ணி இல்லாம அவரும் என்கூடவே போய்டுவாருனு பயந்துட்டேன். மீனுனு சொன்னாதான் எழுந்து போவாரு. சொல்லிடாத அண்ணே. எங்க மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய், அவளுக்கு முன்னால் அடங்கிப்போனது. அதற்குப்பிறகு ஒவ்வொரு காலையும் கஸ்பார் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருப்பேன். அவன் தக்கையைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். எழுந்து வீட்டுக்குப் போடா பாவி என்று தொண்டை வரைக்கும் வரும். முழுங்கிவிடுவேன்.

ஈஸ்டருக்குப் பன்னிரண்டாம் நாள், ஏழேகால் மணிக்கு ஜூடியிடமிருந்து போன் வந்தது. தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். ஷேர் ஆட்டோ கிடைத்தது. டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் வழி கிடைக்கவில்லை. கஸ்பார் இறங்கி லாரிகளுக்கு நடுவே ஓடினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜூடி தன் அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவன் கரைக்கு வந்தான். கையில் ஒன்றும் இல்லை. கல்லில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அந்தக் கொழம்பு நாறிச்சி மாமு. அன்னிக்கு அவ தூங்குனப்பறம் நானும் துன்னு பாத்தேன். உனக்கும் தெரியும்."

நான் தூண்டிலைக் கீழே வைத்தேன்.

"அந்த நாத்தத்த மூணு உருண்ட முழுங்கினா. என் மூஞ்சியப் பாத்துகினே முழுங்கினா. கடைசியா என் கையால அவளுக்கு மண்ணெண்ணய ஊட்டி அனுப்பிட்டேன்."

கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டான். என்னால் பார்க்க முடியவில்லை. சத்தியமாவது மண்ணாவது!

"அட நிறுத்துய்யா! அவளுக்கு ருசியே தெரில. கரண்டு வெச்சதுல நாக்கு செத்துப் போச்சுனு அவளே என்கிட்ட சொன்னா. ஒரு நாத்தமும் அவளுக்குத் தெரில."

கை நின்றது. மூச்சை இழுத்து விட்டான். முகம் தெளிந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

"ருசியே தெரிலனா, மீனு இன்னாத்துக்குக் கேட்டா?"

நான் ஆற்றைப் பார்த்தேன். அவன் என் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"காலைல அவ தூங்குறானு ஜூடி சொல்லுமே. தூங்கலியா மாமு?"

"இல்ல கஸ்பாரு."

அவன் என் தோளை விட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்தான்.

"அத்தினி காலையும் நா இங்க குந்திகினு இருந்தேனே" என்றான்.