நாலு நல்ல வார்த்தை

“உன் பேஷண்ட் ஒருத்தராவது இதுவரைக்கும் உன்மேல புகார் சொன்னதுண்டா?” என்று கேட்டுவிட்டுக் கணவர் தானே சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். கல்யாணமான நாளிலிருந்து இதே ஜோக்தான். கணக்கு வாத்தியார்களுக்கு விடை மாறக் கூடாது.

அவள் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுப்பவள். அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே செத்துப்போனவர்கள். டிசெக்‌ஷன் ஹாலில் உலோக மேசைகளின்மேல் மருந்தில் ஊறி விறைத்த உடல்கள். சுற்றிலும், மூச்சை எப்போது விடுவது என்று தெரியாமல் நிற்கும் முதல் வருடப் பிள்ளைகள். ஃபார்மலின் வாடை அவள் கைப்பைக்குள்கூட இருக்கும். அம்மாக்கள் என்றாலே அந்த வாடைதான் அடிக்கும் என்று மகள் சின்ன வயதில் நினைத்திருந்தாள்.

பிள்ளைகள் வைத்த பேர் ‘நரம்பு மேடம்’. கொழுப்புக்குள் நூல்போல ஒளிந்து கிடக்கும் நரம்பை, கத்தியே படாமல், இடுக்கியின் முதுகால் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவருவாள். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த நரம்பு எந்த நரம்பு என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

வேலையில் சேர்ந்தபோது உதவிப் பேராசிரியர். இப்போதும் உதவிப் பேராசிரியர். இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருடம் மருத்துவக் கல்விப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது விதி. துறைக்கு ஒரே ஓர் இடம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் அதுவும் கிடையாது. முதல் தடவை அந்த இடம் வந்தபோது மகள் கைக்குழந்தை. அடுத்த தடவை ஆய்வுக்குழு வருகிற சமயம். “இப்ப போய் நீங்க கிளம்பினா எப்படிம்மா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் ஹெச்.ஓ.டி. அதற்கப்புறமும் அடுத்த வருஷம்தான். அந்தத் துறையில் அடுத்த வருஷம் என்பது ஒரு திசையைப் போல. எல்லோரும் கையை நீட்டிக் காட்டுவார்கள், போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. இந்தத் தடவை அவளுக்கு நாற்பத்து நாலு முடிந்திருந்தது.

வெறும் பதவி என்றால் இவ்வளவு தவித்திருக்க மாட்டாள். கையின் நரம்புகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிற பிள்ளை, உடலில் அதைத் தொட்டுக் காட்டச் சொன்னால் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வருடா வருடம் இதே கதை. கண்ணுக்குத் தெரிந்தது கைக்கு ஏன் தெரியவில்லை? கை எப்படிக் கற்றுக்கொள்கிறது? இதைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டும், உட்கார்ந்து படிக்க வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வருடம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதே இடத்துக்கு இன்னொருவரும் விண்ணப்பித்திருந்தார். துறையில் அவருக்குப் பேர் ‘விருந்தாளி’. பத்து மணிக்கு மேல் வருவார், எல்லோரையும் சுகம் விசாரிப்பார், டீ குடிப்பார், கிளம்பிவிடுவார். வெறுக்க முடியாத மனிதர். “நான் சும்மா போட்டு வெச்சிருக்கேன் மேடம். உங்களுக்குத்தான் கிடைக்கும், உங்க வயித்துல அடிக்க மாட்டேன்” என்று அவரே வந்து சொன்னார். மனசாரத்தான் சொன்னார்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் அவள் ஹெச்.ஓ.டி. அறை வாசலில் போய் நின்றாள். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

“சார், நாளைக்குக் குழுவுல நீங்களும் இருப்பீங்க. என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னீங்கன்னா...”

“நாலு என்னம்மா நாலு, நாப்பது சொல்றேன்” என்றார் அவர். வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர்.

டீன் அறையில் நீள மேசை. நடுவில் டீன், ஒரு பக்கம் வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த அம்மாள், இன்னொரு பக்கம் ஹெச்.ஓ.டி. அவள் கையைப் பற்றிப் பேசினாள். கண் ஏமாறுவதை, விரல் தயங்குவதை, பிள்ளைகள் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு நரம்பு என்று சத்தியம் செய்வதை. வந்திருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “இதை இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல” என்றார். அந்த ஒரு நிமிடம், பயிற்சிக்குப் போகும் ஊரே அவளுக்குக் கண்முன் தெரிந்தது. வாடகை அறை, நூலகம், தன் பேர் ஒட்டிய ஒரு மேசை.

அப்புறம் டீன், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை ஹெச்.ஓ.டி. பக்கம் திரும்பிக் கேட்டார். “ஒரு வருஷம் இவங்க இல்லேன்னா உங்களால சமாளிக்க முடியுமா சார்?”

ஹெச்.ஓ.டி. நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து தேக்கி வைத்திருந்ததற்கு இப்போதுதான் மடை திறந்தது.

“சமாளிக்கிறதா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க. இவங்கதான் சார் என் துறையே. பரிட்சை அட்டவணை இவங்க, ஹால் இவங்க, குளிர்பெட்டி நின்னுபோச்சுன்னா மெக்கானிக்கைக் கூப்பிடறதும் இவங்க. ஒரு நாள் வரலேன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.”

டீன் பேனாவை மூடினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. “அப்படியெல்லாம் இல்ல சார். மத்தவங்களும் நல்லாவே பாத்துப்பாங்க” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“பாத்தீங்களா, இந்தத் தன்னடக்கம்தான்” என்று ஹெச்.ஓ.டி. மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

அடுத்து விருந்தாளி போனார், போன சுருக்கில் திரும்பி வந்தார். “ஒண்ணும் கேக்கல மேடம். இவரை அனுப்பினா வேலை கெடுமான்னு டீன் கேட்டாரு. நம்ம சார் ரெண்டே வார்த்தைதான். ‘தாராளமா அனுப்பலாம்.’ எனக்கே கொஞ்சம் வெக்கமாப் போச்சு.” சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

இடம் அவருக்கே போனது. ஹெச்.ஓ.டி. அவளை அழைத்து ஆறுதல் சொன்னார். “நான் உங்களைப் பத்தி எவ்வளவு சொன்னேன், நீங்களே கேட்டீங்கல்ல? இந்த டீனுக்கு ஆளை எடைபோடத் தெரியலம்மா.” நிஜமாகவே வருத்தப்பட்டார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வேறு என்ன சொல்வது?

வீட்டில் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “கறக்கிற மாட்டை எவனாவது சந்தைக்கு ஓட்டுவானா? சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட டாக்டரம்மா” என்றார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “போய் அந்தாளுகிட்ட நல்லா நாலு கேள்வி கேளு.”

“என்னன்னு கேக்கறது? என்னை ஏன் புகழ்ந்தீங்கன்னா?”

அவர் எழுந்து அவளுக்குக் காப்பி போடப் போனார்.

“லீவு போடும்மா” என்றாள் மகள், உள்ளே படித்துக்கொண்டிருந்தவள். “நீ இல்லாம அவங்க தலையால தண்ணி குடிக்கட்டும். அப்பத்தான் தெரியும்.”

இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அடுத்த தடவை வயது தாண்டியிருக்கும். ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள். வாரத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாள்: பிள்ளைகள் அக்குளைத் திறக்கிற வாரம். உடம்பிலேயே சிடுக்கான இடம் அது. நரம்புகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கும். பக்கத்தில் அவள் நிற்காவிட்டால் முதல் நாளே பாதியை அறுத்துப் போட்டுவிடுவார்கள். ஹெச்.ஓ.டி. “உடம்புக்கு என்னம்மா?” என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை போனைச் சமையலறை அலமாரியில், சத்தத்தைக் கூட்டி வைத்தாள். குளிக்கப் போனால் கதவை ஒருக்களித்து வைத்தாள். எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். மூன்று தடவை அடித்தபின் எடுக்கலாம். “என்ன சார், நான் லீவுலதானே இருக்கேன்” என்று ஆரம்பிக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பாத்திரம் துலக்கும்போது நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

போன் ஒரே ஒரு தடவை அடித்தது. யாரோ ராங் நம்பர். பிளம்பர் இல்லையா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்தார்கள்.

செவ்வாயும் போனது. புதன்கிழமை மத்தியானம், பொறுக்க மாட்டாமல், ஹால் உதவியாளரை அவளே கூப்பிட்டாள். குளிர்பெட்டிச் சாவி தன் மேசைக்குள் இருக்கிறது என்று சொல்வதற்காக, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“மாத்துச் சாவி இருக்கே மேடம், அதை வெச்சே ஓட்டறோம்” என்றார் உதவியாளர். “நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இங்க எல்லாம் நல்லபடியாப் போகுது.”

“அக்குள் யாரு பாக்கறாங்க?”

“விருந்தாளி சார்தான். கிளம்பறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன்னாரு. பெரிய திரையில வீடியோ போட்டாரு மேடம். பசங்க கை தட்டுனாங்க.”

“அப்போ மேசையில?”

“மேசையில அவங்களா ஏதோ வெட்டிக்கிட்டாங்க. கொஞ்சம் நரம்பு போச்சு போல. பரவால்ல, படத்துல இருக்கேன்னுட்டாரு சார்.”

“ஹெச்.ஓ.டி. எதுவும் சொன்னாரா? என்னைப் பத்தி?”

உதவியாளர் கொஞ்சம் யோசித்தார். “இல்லையே மேடம். சார் எப்பவும்போல வந்தாரு, போனாரு. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க.”

வைத்துவிட்டு அவள் சமையலறையிலேயே நின்றாள். தான் இல்லாமல் துறை நின்றுபோகும் என்று ஹெச்.ஓ.டி. சொன்னதை அவர்கூட நம்பியிருக்கவில்லையோ? நம்பித்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் மறந்துவிட்டார். அந்த அறையில் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் டீன். இன்னொருத்தி எத்தனையோ வருடமாக அதை மெய்யாக்கிக்கொண்டிருந்தவள்.

சாயங்காலம் மகள் பையை இறக்குவதற்கு முன்னாலேயே கேட்டாள். “என்னம்மா, போன் வந்துச்சா?”

கணவரும் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

“வராம?” என்றாள் அவள். “காலையிலேருந்து நாலஞ்சு தடவை. ஒரே தொல்லை.”

“நான் சொல்லல?” என்றாள் மகள்.

“மீதி லீவை ரத்து பண்ணிட்டேன்” என்றாள். “பாவம், திண்டாடறாங்க. நாளைக்குப் போயாகணும்.”