சொல்லாதே என்று கல்யாணி கேட்டது

கல்யாணிக்கு அழுக்கு என்றாலே ஆகாது. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் பல வருஷமாக ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவள். விரிப்பில் ஒரு தலைமுடி கிடந்தால் விரிப்பையே உருவிப் போட்டுவிடுவாள். வீட்டிலும் அதே அதிகாரம்தான். ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வரும் புருஷன் பக்தவத்சலம் கால் கழுவாமல் வாசற்படி தாண்டிவிட்டால் தீர்ந்தது.

"இன்னாயா, வூட்ட பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சிகினியா?" என்று பிடித்துக்கொள்வாள். அவனும் பூனை மாதிரி திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வருவான்.

இந்தச் சுத்தக்காரி பிறந்தது திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில். கல்யாணத்துக்குப் பிறகும் தங்கை ஸ்ரீதேவியோடு நாற்று நட்டுக் களை எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரே வயலோரமாகத்தான் ஒதுங்கும். அதே சேற்றில்தான் பொழுதுக்கும் நிற்கவேண்டும். செருப்போடு வயலில் இறங்குவதை அங்கே யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்; சோறு போடுகிற மண் அல்லவா? ரிசார்ட் வேலை கிடைத்து ஷூ மாட்டிக்கொண்ட அன்று, சேற்றுக்கும் தனக்கும் இருந்த உறவு விட்டது என்று கல்யாணி நினைத்தாள்.

போன வருஷம் அவளுக்கு முகம் வீங்கியது. கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. கிட்னியில் சத்து ஒழுகுகிறது என்று சொல்லி, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. வீக்கம் வடிந்து பழைய கல்யாணி திரும்பி வந்தாள். பக்தவத்சலம் மலையேறி வேதகிரீஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தான்.

அப்புறம்தான் தொடையில் அரிப்பு ஆரம்பித்தது. சிவப்பாக ஒரு கோடு. காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் இருக்காது, ஒரு சாண் நகர்ந்திருக்கும். புருஷனைத் தவிர வேறு யாரிடமும் அவள் அதைக் காட்டவில்லை.

"அக்கிதான்யா, வேறின்னா?" என்றாள்.

அக்கி என்றால் அந்தப் பக்கத்தில் வழி ஒன்றுதான். பானை செய்யும் மணியின் வீட்டுக்குப் போகவேண்டும். இடம் தொடை என்பதால் மணியின் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு, செங்காவியைக் குழைத்துக் கோட்டின்மேல் பூசி அக்கி எழுதினாள். அக்கிக்கு ஊசி, மாத்திரை என்று போகக்கூடாது, போனால் உள்ளே இறங்கிவிடும் என்றும் சொல்லி அனுப்பினாள். காவி உதிர்ந்தபோது கோடும் மறைந்திருந்தது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்தத் தடம் தானாக வந்து தானாக மறைகிற ரகம் என்று பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த தடவை போனபோது டாக்டர், "உடம்புல எங்கயாவது அரிப்பு, தடிப்பு இருக்கா?" என்று கேட்கத்தான் செய்தார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் கல்யாணி.

சின்ன வயசு டாக்டர். அவர் முன்னால் தொடையைக் காட்டுவதா? போதாததற்கு அக்கி என்று வாயைத் திறந்தால் மருந்து எழுதிவிடுவார். பக்கத்தில் நின்ற பக்தவத்சலமும் வாய் திறக்கவில்லை. அவள் உடம்பு, அவள் பேச்சு என்று இருந்துவிட்டான்.

பிறகு வயிற்று வலி வந்தது, வாந்தி வந்தது, இருமலும் இரைப்பும் வந்தன. இரைப்புக்காக அதே மாத்திரையின் அளவு கூடியது. அவள் தேறுவதற்குப் பதில் துணியாய்த் துவண்டாள். ஜுரம் ஏறிய அன்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டாக்டர் ஷபானா அவளுடைய சளியைச் சோதித்துவிட்டு, பக்தவத்சலத்தைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நூல் மாதிரி ஒன்று வெளிச்சத்தில் நெளிந்தது. 

"புழுங்க. வயல் சேத்துல இருந்து கால் வழியா ஏறியிருக்கும். இத்தன வருஷமா வயித்துல சத்தமில்லாம இருந்திருக்கு. ஸ்டீராய்டு கிட்னியக் காப்பாத்துச்சு, ஆனா உடம்போட காவலைக் குறைச்சிடுச்சு. பெருகி நுரையீரல் வரைக்கும் போயிடுச்சு. தோல்ல செவப்பா ஒரு கோடு ஓடியிருக்குமே, அதுவும் இதோட தடம்தான்."

"மருந்து இல்லீங்களா மேடம்?"

"குடுத்துட்டுதான் இருக்கோம். ஸ்டீராய்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். இப்ப ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு." கூடவே ஒன்று சொன்னார்: "அவங்ககூட வயல்ல நின்னவங்க யாராவது ஸ்டீராய்டு சாப்பிட்டா, உடனே கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் டெஸ்ட் பண்ணணும்."

கல்யாணியிடம் அவன் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம்.  கேட்டுவிட்டு அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"நான் பூட்டேன்னா கிட்னின்னு சொல்லு. புழுன்னு யாருகிட்டயும் சொல்லாத. அழுக்குப் பொம்பளன்னுவாளுங்க."

"சொல்லமாட்டேன் கல்யாணி."

"சத்தியம் பண்ணு."

பண்ணினான். அன்று மாலை அவளுக்கு மூச்சுக்குழாய் போட்டார்கள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. விடிந்தபோது போய்விட்டாள்.

வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாணி படுத்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கிட்னி என்றான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் மானம் காப்பாற்றப்பட்டது என்று அந்தத் துக்கத்திலும் அவனுக்கு ஒரு சிறு நிம்மதி.

ஸ்ரீதேவி பெட்டியின்மேல் விழுந்து அழுதாள். அழுகையில் இரைப்பு வந்துவிட்டது. அவளுக்கு அது ரொம்ப நாளாக உள்ளதுதான். யாரோ தண்ணீர் கொடுக்க, அவள் பர்ஸிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பக்தவத்சலம் அதை வாங்கிப் பார்த்தான். மாதக்கணக்கில் கல்யாணிக்கு அவன் வாங்கிவந்த அதே அட்டை.

"ஏது இது?"

"மெடிக்கல்ல குடுத்தாங்க மாமா. இரைப்பு வந்தா போட்டுக்குவேன்."

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் அந்தச் சேற்றில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் இதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எவள் பர்ஸில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? அவன் பெட்டியைப் பார்த்தான். கல்யாணியை இரண்டாவது முறை கொல்வதுபோல இருந்தது அவனுக்கு. ஆனாலும் சொன்னான், எல்லாருக்கும் கேட்கும்படி.

"அவ கிட்னியில சாவல. புழுவுல செத்தா. நீங்கல்லாம் நின்ன சேத்துல இருந்து ஏறுன புழு. இந்த மாத்திரைய துன்னா அது பெருகி நுரையீரலுக்கு ஏறுது. உங்க உடம்புலயும் கீதான்னு மொதல்ல டெஸ்ட் பண்ணணும்."

ஒப்பாரி நின்றுபோனது. யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்த ஸ்ரீதேவி எழுந்து வந்தாள். பளாரென்று அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"செத்தவள அசிங்கப்படுத்துறியே, நீ மனுசனா?"

 அவளுக்கு மூச்சு வாங்கியது. அறைந்த கையாலேயே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த டாக்டரு மாமா? என்னிய எப்ப இட்டுகினு போற?"